வயலினைக் கடைசியில் வாங்குங்கள்: சேலத்தில் சிறுவர் இசைக்குழு தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டுப் பரணில் ஓராண்டு முழுவதும் பன்னிரண்டு வயலின்கள் தூங்கின. வசதியில்லாத பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தர வேண்டும் என்று தோன்றிய மறு வாரமே நன்கொடை திரட்டி வாங்கியவை அவை. சொல்லித்தர ஆசிரியர் இல்லை. உட்கார இடம் இல்லை. பன்னிரண்டும் முழு அளவு என்பதால் பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டவும் இல்லை. நன்கொடை கொடுத்தவர்கள் தெருவில் பார்த்து, "கச்சேரி எப்போது?" என்று கேட்டால் எதிர்ச் சந்துக்குள் நுழைந்துவிடுவேன்.

இப்போது அம்மாப்பேட்டைப் பக்கம் தறித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு குழுவும், ஏற்காட்டில் எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஒரு குழுவும் நடக்கின்றன. நடுவில் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வகுப்பு ஜூனில் தொடங்க வேண்டுமானால் வேலையை ஜனவரியிலேயே ஆரம்பியுங்கள்.

1. ‘ஆர்கெஸ்ட்ரா’ என்று சொல்லாதீர்கள்

முதல் பாடம் இதுதான் என்று நான் நினைக்கவே இல்லை. நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழு. தலைமையாசிரியர் முகம் சுளித்தார். பெற்றோரோ, "என் பையன் நன்றாகப் பாடுவான், ஒரு கச்சேரிக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டார்கள். இரண்டு பேரும் நான் சொன்னதைத் தவறாகக் கேட்கவில்லை; நான்தான் தவறான சொல்லைச் சொன்னேன். கடிதத்திலும் பேச்சிலும் ‘சிறுவர் இசைக்குழு’ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி கேட்பவர்களுக்குச் சொல்ல இரண்டு பெயர்கள் போதும். வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’ என்ற, எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கான இசைக்குழுத் திட்டம், சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரி எளிய வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு நடத்தும் ‘சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா’. இரண்டாவது பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் நாற்காலியை நகர்த்தி உட்காரச் சொல்வார்.

2. இடம்

வாத்தியத்துக்கு முன்னால் ஆசிரியர், ஆசிரியருக்கு முன்னால் இடம். இருபது பிள்ளைகள் கை நீட்டி நிற்கும் கூடம், பூட்டுப் போடக்கூடிய ஒரு பீரோ, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த இடம் வேண்டாம்.

பிள்ளைகளின் வீட்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இடம் பாருங்கள். முதலில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு நல்ல ஹால் இலவசமாகக் கிடைத்தது. அம்மாப்பேட்டையிலிருந்து பஸ்ஸில்தான் வர வேண்டும். முதல் வாரம் இருபத்திரண்டு பேர், ஐந்தாம் வாரம் ஆறு பேர். பள்ளி மாணவருக்கான இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வரத்தான். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அதை நம்பாதீர்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் சிறுமிகள் மட்டும் வந்தார்கள். ஒரு மாதம் எங்கள் குழுவில் பையன்களே இல்லை.

தறி ஓடும் தெருவில் வகுப்பு வைத்தால் ஒரு வசதி உண்டு: எவ்வளவு அபசுரமாக வாசித்தாலும் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வர மாட்டார்கள், விசைத்தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது. அதே காரணத்தால் பிள்ளைக்கும் தன் சுருதி கேட்காது. தறி நிற்கும் நேரம் எது என்று தெருவில் விசாரித்து அதற்கேற்ப நேரம் வையுங்கள். கூலி கொடுக்கும் நாள் மாலையைத் தவிர்த்துவிடுங்கள். பெற்றோர் சந்தைக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் வயலின் மாணவியின் தலையில் விழும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தில் வகுப்பே வைக்க வேண்டாம்; வைத்தாலும் நீங்கள் மட்டும்தான் போவீர்கள்.

3. அனுமதிக் கடிதங்கள்

அரசுப் பள்ளி வளாகத்தைக் கேட்பதாக இருந்தால் தலைமையாசிரியரின் வாய்ச் சம்மதம் போதாது. 2024க்குப் பிறகு வெளியாட்கள் பள்ளிக்குள் எதையாவது நடத்துவதில் கெடுபிடி கூடியிருக்கிறது. கூடியது நல்லதுதான், எரிச்சல் படாதீர்கள். தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் என்ற வரிசையில் எழுத்து மூலம் போக வேண்டும்.

கடிதத்துடன் நான் வைப்பவை: என்ன சொல்லித்தரப் போகிறோம் என்று ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு, நாள், நேரம், வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல், ஆதார் நகல், காவல் சரிபார்ப்புச் சான்று, வகுப்பு நடக்கும்போது பள்ளித் தரப்பில் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்ற வேண்டுகோள், கட்டணம் ஏதும் வாங்க மாட்டோம், மதம், அரசியல் எதையும் பேச மாட்டோம் என்ற உறுதிமொழி. கடைசியில் சொன்ன உறுதிமொழியை அவர்கள் கேட்குமுன்பே எழுதிக் கொடுங்கள், பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெறப்பட்டது’ என்று தேதியுடன் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான்.

ஏற்காட்டில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியை அணுகுவதாக இருந்தால் வழியே வேறு. அவை பழங்குடியினர் நலத் துறையின் கீழ் வருபவை. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலருக்குப் போக வேண்டும். இது தெரியாமல் நான் வேறோர் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது, "இது எங்களுக்கு வராதே" என்றார்கள். வாங்கும்போது சொல்லியிருக்கலாம்.

4. பதிவு: முதல் ஆண்டு வேண்டாம்

எல்லோரும் முதலில் அறக்கட்டளை பதியத்தான் ஓடுகிறார்கள். குழு ஓராண்டு தாக்குப்பிடிக்குமா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள். அதுவரை ஏற்கெனவே பதிவான ஒரு நூலகமோ அறக்கட்டளையோ உங்களைத் தன் பெயரில் நடத்த விட்டால் போதும்.

பதிய முடிவெடுத்தால் இரண்டு வழி. சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி மாவட்டப் பதிவாளரிடம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்குத் தாக்கல். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் ஆவணம். சின்னக் குழுவுக்கு அறக்கட்டளையே என் தேர்வு, ஏழு பேரை ஆண்டுதோறும் ஒரே அறையில் உட்காரவைப்பது முப்பது பிள்ளைகளை உட்காரவைப்பதைவிடக் கடினம்.

ஆவணம் எழுதும்போது கவனிக்க வேண்டியவை: நோக்கங்களில் ‘இசைக் கல்வி’ என்ற சொல் வெளிப்படையாக இருக்கட்டும். அறக்கட்டளையைத் திரும்பப் பெற முடியாது, கலைத்தால் சொத்து இதேபோன்ற இன்னோர் அறக்கட்டளைக்குப் போகும், அறங்காவலருக்கு ஆதாயம் இல்லை என்ற வாசகங்கள் இல்லையென்றால் பிறகு வருமான வரி விலக்குக்குப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். எங்கள் ஆவண எழுத்தர் பழைய மாதிரி ஒன்றை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தார்; திருத்தப் பத்திரம் போட மறுபடி செலவு. பெயரில் ‘இந்திய’, ‘தேசிய’ போன்ற சொற்களையும் தவிருங்கள், நிராகரிக்க அது ஒன்றே காரணம் போதும். அலுவலக முகவரிக்குக் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

பிறகு பான், வங்கிக் கணக்கு, வரிவிலக்குப் பதிவு, இந்த வரிசையில். முதலில் கிடைப்பது மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு. அதை நிரந்தரமாக்க மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், நாளைத் தவறவிட்டவர்கள் பலர். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களும் படிவங்களும் மாறியிருப்பதால் என் பழைய படிவ எண்களைச் சொல்லி உங்களைக் குழப்பவில்லை. ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. நன்கொடையாளரிடம் ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு வரிக்கழிவு கிடைக்காது.

5. ஆசிரியர்

பட்டதாரி இசை ஆசிரியரைத் தேடி ஆறு மாதம் வீணடித்தேன். கிடைத்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் தெரியுமா? ஒருவர் தேவாலயப் பாடகர் குழுவில் வயலின் வாசிப்பவர். இன்னொருவர் பேண்டு வாத்தியக் குழுவில் இருபது ஆண்டு கிளாரினெட் ஊதியவர். ஓய்வுபெற்ற போலீஸ் பேண்டு இசைஞர்களையும் விசாரியுங்கள். நேரம் தவறாமை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரல், வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில் என்று மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. அங்கே படித்து முடித்த இளைஞர்கள் வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டு வயதைத் தாண்டிய உங்கள் பிள்ளைகளுக்கு அதுவே அடுத்த படியாகவும் ஆகலாம். சிறு பிள்ளைகள் என்றால் வார இறுதியில் நடக்கும் ஜவஹர் சிறுவர் மன்ற வகுப்புகளையும் பாருங்கள். இருப்பதையே மறுபடி தொடங்க வேண்டாம்.

ஆசிரியரைச் சேர்த்த பிறகு வருகிற பெரிய சிக்கல் எந்த முறை என்பது. கர்நாடக வயலினில் தரையில் உட்கார்ந்து தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். நான்கு தந்திகளும் ச-ப-ச-ப. மேற்கத்திய முறையில் நின்றுகொண்டு தாடையில் இடுக்கி, தந்திகளை ஒன்றிலிருந்து ஒன்று பஞ்சம இடைவெளியில், அதாவது ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரத்தில், வைத்து வாசிக்கிறார்கள். விரல் விழும் இடமே வேறு. ஓர் ஆசிரியர் செவ்வாய்க்கிழமை ஒரு முறை, இன்னொருவர் சனிக்கிழமை வேறு முறை என்று மூன்று மாதம் ஓடியது. பிள்ளைகளுக்கு இரண்டும் வரவில்லை. கூட்டாக வாசிக்கும் குழு என்றால் எல்லோருக்கும் ஒரே சுருதி, ஒரே முறை. நாங்கள் மேற்கத்திய முறையைத் தேர்ந்தோம். ஆனால் பாட்டை எழுதிக் காட்டும் குறிப்பைச் சரிகமவில் தொடங்கி ஆறாம் மாதத்தில்தான் ஐந்துகோட்டுக் குறிப்புக்குப் போனோம். முதல் நாளே கோடுகளைக் காட்டினால் கணக்கு வகுப்பு என்று ஓடிவிடுவார்கள்.

சம்பளம் கொடுங்கள். சேவை என்று இலவசமாக வந்தவர்கள் மூன்றாம் மாதம் வரவில்லை, அவர்களைக் கேட்கவும் முடியவில்லை.

6. பாதுகாப்பு

ஆசிரியர், தன்னார்வலர், நீங்கள் உட்பட எல்லோருக்கும் காவல் சரிபார்ப்பு. தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும் தனி வகுப்பே கிடையாது. கதவு திறந்திருக்கும், இன்னொருவர் கண்ணில் படும்படி. வில் பிடிக்கும் கையைத் திருத்தும்போது, "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடும் வழக்கத்தை ஆசிரியருக்குப் பழக்குங்கள். முதலில் சிரித்தார்கள், இப்போது அதுவே வழக்கம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் பெரிதாக இருக்கட்டும். ஏதாவது தெரியவந்தால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கடமை. ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கு இடமில்லை.

பெற்றோர் சம்மதப் படிவம் தமிழில், ஒரு பக்கத்தில். புகைப்படத்துக்குத் தனிச் சம்மதம். சாதிச் சான்று, வருமானச் சான்று எதையும் கேட்காதீர்கள். சான்று கேட்ட வாரம் வராமல் போன ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் திரும்பவே இல்லை. குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகள் என்றால் படம் வெளியிடவே கூடாது, சட்டத்தில் தடை இருக்கிறது.

7. வாத்தியம்

இப்போது வாங்கலாம். ஆனால் வயலின் அல்ல. முதல் ஆறு மாதம் குரலும் கைத்தாளமும் ரெக்கார்டரும். ரெக்கார்டர் என்றால் பாட்டுப் பதிவு செய்யும் கருவி இல்லை, புல்லாங்குழல் மாதிரி ஊதும் பிளாஸ்டிக் குழல். யமஹா குழல் ஒன்று ஐந்நூறு ரூபாயை ஒட்டி வாங்கினோம். அதில் ஒரு பொறி இருக்கிறது: ஜெர்மன் வகை, பரோக் வகை என்று இரண்டு உண்டு. பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும். ‘ம’ என்ற சுரத்துக்கு விரல் வைக்கும் விதம் மாறும். கடைக்காரர் இரண்டையும் கலந்து கொடுத்துவிட்டார். பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு சுரம் மட்டும் எப்போதும் தப்பு. ஒரு மாதம் பாவம் அவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். எல்லாம் பரோக் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஒருவருக்கு ஒரு குழல், மேலே பெயர். வாய் வைத்து ஊதுவதைப் பகிர வேண்டாம்.

வயலின் வாங்கும்போது அளவு. கை நீட்டச் சொல்லிக் கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 20 அங்குலம் என்றால் அரை அளவு, 22 என்றால் முக்கால், 23க்கு மேல் முழு அளவு. பிள்ளை வளரும், வயலின் வளராது. ஆகவே பெரியவர் சிறியவருக்குக் கைமாற்றும்படி அளவுகளைக் கலந்து வாங்குங்கள். தொடக்கநிலை வயலின் பெட்டி, வில்லுடன் எங்களுக்கு 6,500 ரூபாய் ஆனது. அதற்கும் மலிவானதில் தந்தியை இறுக்கும் முறுக்காணி நிற்காது. ஆசிரியரின் அரை மணி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போகும்.

கிளாரினெட், சாக்ஸபோன் சேர்ப்பவர்களுக்கு: வழக்கமான கிளாரினெட்டில் ‘சி’ என்ற மேற்கத்தியச் சுரத்தை வாசித்தால் கேட்பது ‘பி ஃபிளாட்’, ஆல்டோ சாக்ஸபோனில் ‘ஈ ஃபிளாட்’. எல்லோருக்கும் ஒரே இசைக்குறிப்புத் தாளை நகலெடுத்துக் கொடுத்தால் சந்தைக்கடைதான். ஒவ்வொன்றுக்கும் மாற்றி எழுதிய தாள் வேண்டும்.

நன்கொடையாக வரும் பழைய வாத்தியங்களை வாங்குமுன் மின்னிணைப்புக் கொடுத்துப் பாருங்கள். எங்களிடம் எட்டு கீபோர்டுகள் இருக்கின்றன. ஒலிப்பவை இரண்டு.

8. ஏற்காட்டில் நடத்துவதானால்

காப்பி அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரிவரை போகும். குடும்பமே தோட்ட வேலையில் இருக்கும். அப்போது புதிய வகுப்பு தொடங்காதீர்கள். மே மாதம் கோடை விழா, சேர்வராயன் கோயில் திருவிழா, சுற்றுலா வண்டிகள். சேலத்திலிருந்து போகும் ஆசிரியர் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மாட்டிக்கொள்வார். பெருமழையில் பாறை சரிந்தால் பாதையே மூடப்படும். ஆண்டுக்கு முப்பது வகுப்பு என்று கணக்கிடுங்கள், ஐம்பது என்று நன்கொடையாளரிடம் எழுதிக் கொடுக்காதீர்கள். உள்ளூரிலேயே பெரிய பிள்ளை ஒருவரைத் துணை ஆசிரியராகப் பழக்கிவிட்டால் பாதை மூடிய வாரத்திலும் வகுப்பு நடக்கும். எங்கள் பதினைந்து வயதுத் துணை ஆசிரியை என்னைவிடக் கண்டிப்பு.

மரத்துக்கு மூடுபனி ஆகாது. ஒரு பிள்ளை வயலினுக்குக் குளிரும் என்று அடுப்புக்கு மேலே பரணில் வைத்தாள். ஒரு வாரத்தில் பசை விட்டு முதுகுப் பலகை வாய் திறந்துகொண்டது. அவளைக் குறை சொல்ல முடியுமா? நாம் சொல்லியிருக்க வேண்டும். அடுப்பு, வெயில், ஈரச்சுவர் மூன்றும் வேண்டாம்; பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போடுங்கள். கீழே சேலத்தில் ஏப்ரல், மே வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலும் இதே கதைதான். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் உள்ளே நிற்கும் சின்னக் குச்சி விழுந்துவிடும், வயலின் ஊமையாகிவிடும். அதை நிறுத்தத் தெரிந்தவரைத் தேடி நான் சென்னைவரை போனேன்.

9. செலவு

அம்மாப்பேட்டையில் 24 பிள்ளைகள், வாரம் இரண்டு வகுப்பு. ஆசிரியருக்கு வகுப்புக்கு 700 ரூபாய்: மாதம் 5,600. சுண்டலோ பயறோ, ஒரு பிள்ளைக்கு 12 ரூபாய்: மாதம் 2,304. பள்ளி விட்டு நேரே வரும் பிள்ளைக்குப் பசி; சுண்டலை நிறுத்திய மாதம் வருகையும் சரிந்தது. ரெக்கார்டர் எல்லாம் சேர்த்து ஒரே முறை 12,000. நகல் தாள், தந்தி, வில்லில் தேய்க்கும் ரோசனம், பழுது என்று மாதம் ஆயிரம் தனியாக வையுங்கள். ஆக ஆசிரியர் சம்பளமும் சுண்டலும்தான் பெரிய செலவு. நன்கொடையாளர்களோ வயலின் வாங்கித்தரத்தான் துடிக்கிறார்கள். அதில்தானே பெயர் பொறிக்க முடியும். ‘ஒரு மாதச் சுண்டல் உங்கள் பெயரில்’ என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். எங்கள் தெருவில் பிறந்தநாளுக்கு அது வழக்கமாகிவிட்டது.

10. முதல் மாதமே சேர்ந்து வாசிக்கட்டும்

சரளி வரிசை, அலங்காரம் என்ற தொடக்கப் பயிற்சிகள் எல்லாம் முடிந்து, பிறகுதான் கூட்டிசை என்றால் பாதிப் பேர் அதற்குள் போய்விடுவார்கள். ஒரே ஒரு சுரத்தை மட்டும் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் வேலை இருக்கிறது: பாட்டு முழுவதும் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். தம்பூரா செய்யும் வேலை அதுதானே. மூன்று சுரம் தெரிந்தவர் அதற்கு மேல், மெட்டுத் தெரிந்தவர் அதற்கும் மேல். இப்படி மூன்று அடுக்காக எழுதித்தரும் ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

சினிமாப் பாட்டு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வகுப்பில் தாராளமாக வாசிக்கட்டும். நுழைவுச்சீட்டு வைத்து மேடையேற்றினால் உரிமம் வாங்க வேண்டும். நாங்கள் மேடைக்குப் பாரதியார் பாட்டும் நாட்டுப்புற மெட்டும் வைத்துக்கொள்கிறோம்.

தேர்வு பற்றி எல்லோரும் கேட்பதால் ஒரு வரி. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் அமைப்புகள் நிலை நிலையாக நடத்தும் இசைத் தேர்வுகளின் கட்டணம் ஆயிரக்கணக்கில் போகும். மூன்று ஆண்டுக்கு முன் வேண்டாம். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் நிலைக்குப் போக ஐந்தாம் நிலை இசைக் கோட்பாட்டுத் தேர்வையோ அதற்கு ஈடான ஒன்றையோ முடித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாவில் வாத்தியப் போட்டி உண்டு, செலவே இல்லை.

11. முதல் நிகழ்ச்சி நாள்

பன்னிரண்டு நிமிடம் போதும். மூன்று பாட்டு. தலைவர் பேச்சைப் பிள்ளைகள் வாசித்த பிறகு வையுங்கள், நிற்கவைத்துக் காத்திருக்கச் செய்யாதீர்கள். ஒலிபெருக்கி என்றால் காவல் நிலைய அனுமதி. இரவு பத்து மணிக்கு மேல் கூடாது. பெற்றோர் வேலை முடிந்து வரும் நேரமாக வையுங்கள், ஓர் அம்மா அரைக் கூலியை விட்டுவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்து எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

முடிந்ததும் புகைப்படத்துக்கு இழுப்பார்கள். அதற்கு முன் எல்லோரும் வில்லின் திருகைத் தளர்த்தியாயிற்றா என்று பாருங்கள், வயலின் எண்களைப் பட்டியலோடு சரிபார்த்துப் பீரோவைப் பூட்டுங்கள். மலையிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தால் ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்திருங்கள். நாங்கள் கேட்டு வைக்கவில்லை, பதினோரு பிள்ளைகளும் நான்கு ரெக்கார்டர்களும் அன்றிரவு எங்கள் வீட்டில்தான்.